ஆறு தட்டு, ஒரே வால்

“எல்லாம் பீங்கான் தட்டுதானே, யுவர் ஆனர்?”

எதிர்தரப்பு வக்கீல் தம் வாதத்தை இப்படித்தான் தொடங்கினார். அன்றைக்கு மன்றத்தில் இருந்த யாருக்கும் அது தப்பான கேள்வியாகப் பட்டிருக்காது. நாம் ஊறுகாய் ஜாடியையும் பீங்கான் என்கிறோம், டீ குடிக்கும் கோப்பையையும் பீங்கான் என்கிறோம், குளியலறை வாஷ்பேசினையும் அப்படித்தான் சொல்கிறோம். அந்த ஒரு சொல்லுக்குள் ஒட்டிக் கிடந்த இரண்டு பொருள்களைப் பிரித்துக் காட்ட எனக்கு ஏறக்குறைய இரண்டு வருடம் பிடித்தது.

வழக்கு 2012-ல் வந்தது. கட்சிக்காரர் எழுபதை எட்டிக்கொண்டிருந்த ஓர் அம்மா. அவருடைய கணவர் வேளாண் விஞ்ஞானி. ரோமில் இருக்கும் ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனத்தில் பல வருடம் வேலை பார்த்து, ஓய்வு பெற்றுச் சென்னைக்குத் திரும்பி, சில வருடங்களில் காலமாகிவிட்டார். ரோமில் இருந்தபோது சனி ஞாயிறு வந்தால் இருவரும் பழைய ஃபியட் காரை எடுத்துக்கொண்டு மண்பாண்டம் செய்யும் ஊர்களாகத் தேடிப் போவார்களாம். தெரூத்தா, குப்பியோ, ஆர்வியெத்தோ. வெயில் காலத்தில் தெற்கே கடலோரத்து வியெத்ரி. ஒரு முறை சிசிலி வரைக்கும் போய், கால்தஜிரோனேயில் 142 படிக்கட்டுக்கும் முகப்பில் வண்ண ஓடு பதித்திருப்பதை ஒவ்வொரு படியாக நின்று பார்த்துக்கொண்டே ஏறியிருக்கிறார்கள்.

“வருஷத்துக்கு ஒண்ணு ரெண்டுதான் வாங்குவோம் தம்பி. அதுக்கு மேல வாங்க அவர் விடமாட்டார். ஒண்ணைச் சுவத்துல மாட்டி அதோட பழகின அப்புறம்தான் அடுத்தது.”

என் மேசை மேல் அவர் முதலில் வைத்தது ஒரு பிஸ்கட் டின். உள்ளே பஞ்சுக்கு நடுவில் ஏழெட்டு ஓட்டுச் சில்லுகள். வீட்டுக்குப் பெயின்ட் அடித்தபோது கழற்றி வைத்த தட்டு ஒன்று கை தவறி விழுந்திருக்கிறது. தெரூத்தாவில் வாங்கிய நான்கு சுவர்த்தட்டுகளில் அது ஒன்று. ரஃபயெல்லெஸ்கோ என்று அந்தச் சித்திரத்துக்குப் பெயர். ஓவியர் ரஃபயேலின் சுவர்ச் சித்திரங்களில் வரும் விநோத உருவங்களிலிருந்து வளர்ந்த பாணி. கொடிச்சுருளுக்கு நடுவே யாளி மாதிரி ஒரு பறவைநாகம், மஞ்சளும் நீலமும் பச்சையுமாக.

நான்கில் ஒன்று போய்ச் சுவரில் ஓர் இடம் வெறுமையாக நின்றது. அதை நிரப்பத்தான் நகரத்தில் ஒரு வீட்டலங்காரக் கடைக்குப் போயிருக்கிறார். அங்கே அதே பறவைநாகம்! தட்டோடு ஒரு கெட்டி அட்டை: ‘இத்தாலிய மயோலிகா, தெரூத்தா, கையால் வரைந்தது.’ தனித்தட்டாகத் தரமாட்டோம், செட்டாகத்தான் என்றார்களாம். ஆறு தட்டு, 84,000 ரூபாய். ஓய்வூதியத்தில் வாழும் ஒருவருக்கு அது சின்னப் பணம் இல்லை. ஆனால் அவர் கண்ணில் அப்போது பட்டது கடை இல்லை, தெரூத்தா.

வீட்டுக்கு வந்து ஆறையும் கட்டிலில் வரிசையாகப் பரப்பினார். கொஞ்ச நேரத்தில் அவருக்கு வயிற்றைப் பிசைந்தது. பறவைநாகத்தின் வால் சுருண்டு முடியும் இடத்தில் கோடு மயிரிழை அளவுக்கு விட்டுப்போயிருந்தது. ஒரு தட்டில் இருந்தால் வரைந்தவர் தூரிகையை எடுத்துவிட்டார் என்று சொல்லலாம். ஆறிலும் அதே இடத்தில், அதே அளவில் விட்டுப்போயிருந்தது.

கடைக்காரர்கள் பில்லைக் காட்டினார்கள்: ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது.’ பில்லில் பொருளின் பெயர் ‘அலங்காரப் பீங்கான் தட்டு’ என்று மட்டும் இருந்தது. தெரூத்தா இல்லை, கைவேலை இல்லை, இத்தாலியே இல்லை. நல்ல வேளை, அந்த அட்டையை அம்மா தூக்கி எறியவில்லை. “வாங்கின பொருளோட வர்ற சீட்டை எல்லாம் அவர் ஒரு ஃபைல்ல போட்டு வைப்பார். அந்தப் பழக்கம்” என்றார். அந்தப் பழக்கம் இல்லையென்றால் இந்த வழக்கே இல்லை. விலை உயர்ந்த எதை வாங்கினாலும் கடைக்காரர் வாயால் சொல்வதைப் பில்லில் எழுதச் சொல்லுங்கள். எழுதத் தயங்கினால் அங்கேயே உங்களுக்குப் பதில் கிடைத்துவிட்டது.

1986-ஆம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் மாவட்ட மன்றத்தில் புகார் தாக்கல் செய்தோம். கடை, தட்டுகளை இறக்குமதி செய்த நிறுவனம், இருவரும் எதிர்தரப்பினர். பதிலுரையில் மூன்று வாதங்கள் இருந்தன. அம்மா நேரில் பார்த்து, தொட்டுப் பார்த்து வாங்கியிருக்கிறார், ஆகவே பொறுப்பு அவருடையது. அவர் சேகரிப்பாளர், சேகரிப்பது விலை ஏறினால் விற்பதற்காக, ஆகவே அவர் நுகர்வோரே இல்லை. மூன்றாவதாக, அச்சடித்த படத்தாளை ஒவ்வொரு தட்டிலும் ஒட்டுவது தொழிலாளியின் கைதான், ஆகவே அதுவும் கைவேலைதான்.

முதல் வாதத்துக்குப் பதில் 1930-ஆம் வருட சரக்கு விற்பனைச் சட்டத்தின் 15-ஆம் பிரிவிலேயே இருக்கிறது. வருணனை சொல்லி விற்றால் பொருள் அந்த வருணனைக்குப் பொருந்தவேண்டும். கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாத ஒன்றை வாங்குபவர் பார்த்தார் என்பதற்காக அந்தப் பொறுப்பு விற்றவரை விட்டுப் போகாது. இரண்டாவதுக்கு அம்மா வீட்டுச் சுவரின் புகைப்படம் போதும். முப்பது வருடத்தில் அவர் ஒரு தட்டைக்கூட விற்றதில்லை. மூன்றாவதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. கை என்றால் எது, எவ்வளவு? சட்டப் புத்தகத்தில் அதற்கு விடை இல்லை. மண்ணைத்தான் படிக்க வேண்டியிருந்தது.

அம்மாவே எனக்கு ஆசிரியரானார். மாலையில் அவர் வீட்டுக்கூடத்தில் உட்கார்ந்து, சுவரிலிருந்து ஒவ்வொரு தட்டாக இறக்கிப் பாடம் எடுத்தார். மயோலிகா என்பது பீங்கானே இல்லை என்பது முதல் பாடம். நம் குயவர் வனைவது போன்ற சுட்ட மண்தான் அது. ஒரு முறை சூளையில் வைத்து ஓடாக்குவார்கள். பிறகு ஈயமும் வெள்ளீய ஆக்சைடும் கலந்த மெருகுக் குழம்பில் முக்கி எடுப்பார்கள். வெள்ளீயம்தான் அந்தப் பால் வெண்மைக்குக் காரணம். சீனப் பீங்கானின் வெண்மையைப் பார்த்து ஏங்கிய ஈராக்கியக் குயவர்கள் ஒன்பதாம் நூற்றாண்டு வாக்கில் சாதாரண மண்ணில் அதைக் கொண்டுவரக் கண்ட வழி இது. அங்கிருந்து ஸ்பெயினுக்குப் போய், மயோர்கா தீவு வழியாகக் கப்பலில் இத்தாலிக்கு வந்த பாண்டங்களிலிருந்து மயோலிகா என்ற பெயர் வந்தது என்று சொல்வார்கள்.

முக்கி எடுத்த மெருகு காய்ந்து மாவு மாதிரி நிற்கும். அந்த மாவின் மேல்தான் ஓவியர் வரைகிறார். கோபால்ட்டில் நீலம், செம்பில் பச்சை, ஆன்டிமனியில் மஞ்சள், மாங்கனீஸில் கத்தரிப்பூ நிறம். தூரிகை பட்டதும் மாவு தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். அழிக்கவோ திருத்தவோ வழியில்லை. மறுபடி சூளைக்குப் போய் 900 டிகிரிக்கு மேல் வேகும்போது சாயம் மெருகுக்குள்ளேயே உருகிக் கலந்துவிடுகிறது. ஐந்நூறு வருடம் ஆனாலும் மங்காததற்கு அதுதான் காரணம். 1550-களில் காஸ்தெல் துராந்தே ஊர்க்காரர் சிப்ரியானோ பிக்கோல்பாஸோ, ஆற்றுப்படுகையில் மண் எடுப்பதிலிருந்து சூளை மூட்டுவது வரை இந்தத் தொழிலை மூன்று பாகமாகப் படத்தோடு எழுதி வைத்தார். அந்தக் கையெழுத்துப் பிரதி இப்போது லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் மொழிபெயர்ப்பைத் தேடிப் படித்தேன். வழக்குக்கு அதிலிருந்து ஒரு வரியும் எடுக்கவில்லை. ஆனால் மன்றத்தில் நான் பேசியபோது நாக்கு தடுமாறாததற்கு அந்தப் படிப்புதான் காரணம்.

பாடத்துக்கு நடுவே ஒரு நாள் தெரூத்தாவுக்குப் பக்கத்தில், கசலீனாவில் உள்ள மாதா கோயிலைப் பற்றிச் சொன்னார். பதினேழாம் நூற்றாண்டில், மாதா படம் வரைந்த ஓர் உடைந்த கிண்ணத்தின் துண்டை ஒருவர் கருவாலி மரத்தில் பொருத்தி வைத்தாராம். நோயில் கிடந்த மனைவிக்காக அங்கே வேண்டிக்கொண்டார், அவளுக்குக் குணமாயிற்று என்பது கதை. அந்த மரத்தைச் சுற்றித்தான் கோயில் எழுந்தது. வேண்டுதல் பலித்தவர்கள் ஆளுக்கொரு மயோலிகா ஓடு எழுதிப் பதித்திருக்கிறார்கள். நூற்றுக்கணக்கான ஓடுகள். மரத்திலிருந்து விழுகிறவன், மாடு முட்டியவன், படுக்கையில் கிடக்கும் பெண், எல்லாரும் சுவரில் இருக்கிறார்கள். மூலையில் ‘பெற்ற அருளுக்காக’ என்பதன் முதலெழுத்துகள். “நம்ம மாரியம்மன் கோயில்ல கண்மலர் வாங்கிப் போடறோமே, அதே மாதிரிதான். எனக்கு அங்க நின்னப்ப சமயபுரம் ஞாபகம் வந்துடுச்சு” என்றார். அவர் ஏன் 84,000 ரூபாய்க்காக மட்டும் மன்றம் ஏறவில்லை என்பது எனக்கு அன்றைக்குப் புரிந்தது. அந்த ஊரின் பேரைப் பொய்யாக ஓர் அட்டையில் அச்சடித்ததை அவரால் தாங்க முடியவில்லை.

விசாரணைக்கு வருகிறேன். இறக்குமதி ஆவணங்களைத் தாக்கல் செய்ய உத்தரவிடக் கோரி ஒரு மனு போட்டேன். பல வாய்தா இழுத்தடித்த பிறகு சுங்க நுழைவுச் சீட்டின் நகல் வந்தது. பொருள் தயாரான நாடு என்ற இடத்தில் இத்தாலி இல்லை. அதைவிட எனக்கு உதவியது ஓர் எண்: 6911. சுங்கத் தீர்வை அட்டவணையில் பீங்கானால் ஆன உணவுமேசைப் பாத்திரங்களுக்கு உரிய தலைப்பு அது. பீங்கான் அல்லாத மண்பாத்திரத்துக்கு 6912, அலங்கார மண்பொருள்களுக்கு 6913. ஆக, அரசாங்கத்திடம் தீர்வை கட்டும்போது இது பீங்கான் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். என் கட்சிக்காரரிடம் விற்கும்போது மயோலிகா. ஒரே பொருள் இரண்டுமாக இருக்க முடியாது. ‘எல்லாம் பீங்கான்தானே’ என்ற கேள்விக்குச் சுங்கத்துறையின் காகிதமே பதில் சொல்லிவிட்டது.

கடை தரப்பு உடனே நிலையை மாற்றியது. நாங்களும் ஏமாந்தோம், இறக்குமதியாளர் சொன்னதை நம்பி அட்டை வைத்தோம் என்றது. இறக்குமதியாளர் தரப்பு வேறு வழியில் வந்தது. அந்த வக்கீல் நன்றாகப் படித்துவிட்டு வந்திருந்தார், அதை நான் மதிக்கிறேன். தெரூத்தாவிலும் அச்சு வைத்துத்தான் வரைகிறார்கள் என்றார். உண்மைதான். ஸ்போல்வெரோ என்று அதற்குப் பெயர். சித்திரத்தை மெல்லிய தாளில் எழுதி, கோடு நெடுக ஊசியால் குத்தி, தட்டின் மேல் வைத்துக் கரித்தூள் மூட்டையால் தட்டுவார்கள். துளை வழியே தூள் இறங்கிப் புள்ளி புள்ளியாகச் சித்திரம் தெரியும். “ஆகவே எல்லாத் தட்டும் ஒரே மாதிரி இருப்பதில் அதிசயம் என்ன?” என்று கேட்டார்.

மன்றத்தின் பெண் உறுப்பினர் அதுவரை குறிப்பெடுத்துக்கொண்டிருந்தவர், நிமிர்ந்தார். “ஆரி வேலைக்கு டிரேசிங் போடறது மாதிரியா?” என்றார். பிளவுஸுக்கு எம்பிராய்டரி போடுகிறவர்கள் பட்டர் பேப்பரில் ஊசியால் குத்தி, மண்ணெண்ணெயில் குழைத்த பொடியைத் தேய்த்துத் துணியில் புள்ளி எடுப்பார்கள் இல்லையா, அதே முறைதான். ஆமாம் மேடம் என்றேன். அவரே தொடர்ந்தார்: “புள்ளி ஒண்ணா இருந்தாலும் தையல் ஒண்ணா இருக்காதே.”

நான் அரை மணி நேரம் பேச வைத்திருந்ததை அவர் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். புள்ளி வழி மட்டும்தான் காட்டும். கோட்டை இழுப்பது கை. அந்தக் கரித்தூள்கூடச் சூளையில் எரிந்து போய்விடும், மிஞ்சுவது தூரிகை போன தடம் மட்டுமே. தட்டுகளை நேரில் காட்ட அனுமதி கேட்டேன், தலைவர் ஒப்புக்கொண்டார்.

நகைக்கடை நண்பர் ஒருவரிடம் வைரம் பார்க்கும் பத்து மடங்கு லென்ஸ் இரவல் வாங்கி வைத்திருந்தேன். முதலில் அம்மாவின் பழைய தட்டு. நீலக்கோடு தொடங்கும் இடத்தில் சாயம் தேங்கிக் கருத்திருந்தது. போகப் போக மெலிந்து, தூரிகை மேலெழும் இடத்தில் இரண்டு மூன்று மயிராகப் பிரிந்து முடிந்தது. இறகின் நுனியில் பச்சைக்கு மேல் மஞ்சள் ஏறிய இடத்தில் விளிம்பு கொஞ்சம் கசிந்திருந்தது. விரல் நுனியால் தடவினால் சாயம் கனமாக விழுந்த இடம் மிக லேசாகத் தட்டுப்படும். அடுத்து புதுத் தட்டு. வெறும் கண்ணுக்குக் கோடாகத் தெரிந்தது லென்ஸில் பொடிப்பொடியாக, வரிசை பிசகாத புள்ளிகளாக உடைந்தது. செய்தித்தாள் படத்தைக் கிட்டத்தில் பார்த்தால் தெரியுமே, அப்படி. தலைவர் ஆறு தட்டையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஒவ்வொரு தட்டிலும் வால் நுனிக்கு லென்ஸைக் கொண்டுபோனார். யாரும் பேசவில்லை. ஆறாவதை வைத்துவிட்டு, எதிர்தரப்பு வக்கீலிடம் லென்ஸை நீட்டி, “நீங்களும் பாருங்க” என்றார்.

பிறகு சில்லுகள். புதுத் தட்டுகளில் ஒன்று விளிம்பில் லேசாகச் சிதறியிருந்தது. உள்ளே முழுக்க வெள்ளை, கண்ணாடி மாதிரி வழவழப்பு. பிஸ்கட் டின்னிலிருந்து பழைய ஓட்டை எடுத்து அருகில் வைத்தேன். மேலே மெல்லிய வெள்ளைத் தோல், அதற்குக் கீழே இளஞ்சிவப்பாகச் சொரசொரப்பான மண். வெள்ளை மண்ணிலும் இன்றைக்கு மண்பாண்டம் செய்கிறார்கள், ஆகவே நிறத்தை மட்டும் வைத்து நான் வாதாடவில்லை. சுங்கச் சீட்டு, லென்ஸ், ஓடு மூன்றையும் சேர்த்துப் பாருங்கள் என்றுதான் கேட்டேன்.

எதிர்தரப்பு வக்கீல் அம்மாவிடம் ஒரே ஒரு கேள்வி கேட்க அனுமதி வாங்கினார். “நீங்க இதுல நிபுணர் பட்டம் எதாவது வாங்கியிருக்கீங்களாம்மா?”

“இல்லீங்க. தினமும் துடைக்கிறேன்.”

வேறு கேள்வி கேட்கவில்லை அவர்.

நான் பெரிதாக நம்பியிருந்த ஆவணம் ஒன்று கடைசியில் பயன்படவே இல்லை. 1990-ல் இத்தாலி 188-ஆம் எண் சட்டத்தை இயற்றியது. கலைமரபு மண்பாண்டம் செய்யும் ஊர்களின் பெயரையும் முறையையும் காக்கும் சட்டம் அது. தெரூத்தா என்ற பெயருக்கு அந்த நாட்டிலேயே அவ்வளவு மதிப்பு உண்டு என்று காட்ட அதை மொழிபெயர்ப்போடு தாக்கல் செய்தேன். இந்தியச் சட்டமே போதுமானது, வெளிநாட்டுச் சட்டத்துக்குள் போகத் தேவையில்லை என்று மன்றம் ஒதுக்கிவிட்டது. அது சரியான முடிவு என்றே இன்றும் நினைக்கிறேன். ஆனால் அந்தச் சட்டத்தைப் படித்தபோது நம் பத்தமடைப் பாயும் சுங்குடிப் புடவையும் எனக்கு நினைவுக்கு வராமல் இல்லை.

பணத்தைத் திருப்பிக் கொடு, 9 சதவீத வட்டி கொடு, மன உளைச்சலுக்கு 15,000 ரூபாயும் செலவுக்கு 5,000 ரூபாயும் கொடு, தட்டுகளைத் திரும்பப் பெற்றுக்கொள் என்று உத்தரவாயிற்று. மாநில ஆணையத்துக்குப் போவோம் என்றார்கள், போகவில்லை.

அதற்குப் பிறகு நண்பர்கள் சிலர் இத்தாலிக்குப் போகும்போது என்னிடம் யோசனை கேட்பதுண்டு. அம்மா சொல்லித் தந்ததைத்தான் சொல்கிறேன். செட்டாக வாங்காதீர்கள், மனதைப் பிடித்த ஒன்றை வாங்குங்கள். திருப்பிப் பாருங்கள். ‘திபிந்தோ ஆ மானோ’ என்றால் கையால் வரைந்தது. ஊர்ப் பெயரும் வரைந்தவரின் குறியும் தூரிகையால் எழுதியிருந்தால் நல்லது. அச்சு முத்திரை மட்டும் இருந்தால் முன்பக்கத்தை லென்ஸில் பாருங்கள். விரல் முட்டியால் தட்டினால் பீங்கான் கிணீரென்று ஒலிக்கும், மயோலிகா டொக்கென்று அடங்கும். சுவர்த்தட்டில் சாப்பிடாதீர்கள். பழைய மெருகில் ஈயம் உண்டு, புளி பட்டால் கரையும். நூறு வருடத்துச் சரக்கு என்று யாராவது சொன்னால் இத்தாலியை விட்டு வெளியே கொண்டுவந்த காகிதத்தைக் கேளுங்கள். அங்கே எழுபது வருடம் தாண்டிய கலைப்பொருளுக்கு அது வேண்டும்.

தட்டுகளைத் திருப்பிக் கொடுக்கும் நாளில் அம்மாவும் வந்திருந்தார். போலித் தட்டுதான், ஆனாலும் ஒவ்வொன்றையும் புடவைத் தலைப்பால் துடைத்து, நடுவில் செய்தித்தாள் வைத்து அடுக்கித் தந்தார். பெற்றுக்கொள்ள எதிர்தரப்பு வக்கீலின் ஜூனியர் வந்திருந்தார், இருபத்தைந்து வயதிருக்கும். ரசீதில் கையெழுத்துப் போட்டுவிட்டுத் தயங்கி நின்றார்.

“அம்மா, அன்னைக்கு லென்ஸ்ல நான் பாக்கல. லென்ஸ் இல்லாம எப்படிம்மா கண்டுபிடிக்கறது?”

சான்றுப்பொருளாகக் கொடுத்து அன்றுதான் திரும்ப வாங்கியிருந்த பழைய தட்டு அம்மாவின் பையில் இருந்தது. அதை எடுத்துக் கவிழ்த்து, அந்தப் பையனின் ஆட்காட்டி விரலைப் பிடித்து, அடிவட்டத்தில் மெருகு படாமல் மண் வெறுமையாக நின்ற இடத்தில் வைத்தார்.

“முதல்ல இங்க தொட்டுப் பாரு தம்பி.”